அடித்துவிட்டு பஸ் ஏறியவள்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

ஆலங்குடியில் பயிற்சி, முதல் நாள். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் வகுப்பு. நேற்றைய சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை. வந்திருந்தவர்கள் ஊர் ஊராக சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்கள், சில அங்கன்வாடி டீச்சர்கள், இரண்டு பி.டி. வாத்தியார்கள். மாத்திரையோடு சேர்த்து ஊர்ப் பெண்களை நடக்கவும் வைப்பது எப்படி என்று இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். டிரஸ்ட் எனக்குச் சம்பளம் கொடுப்பது இதற்குத்தான்.

உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். "கடலைக் காட்டுல நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றோம். இதுல தனியா நடை வேறயா?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் தேய்ந்துவிட்டது. குனிந்து களையெடுப்பது வேறு, கையை வீசி மூச்சு வாங்க நடப்பது வேறு. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்றேன். உடனே ஒரு பி.டி. வாத்தியார் நடந்துகொண்டே பாடிக் காட்டினார். அறையலாம் போல இருந்தது.

மதியம் நடித்துக் காட்டும் வகுப்பு. ஒருத்தி புருசன், ஒருத்தி பெண்டாட்டி, ஒருத்தி மாத்திரைக்காரி. புருசன் 'நடக்கப் போகாதே' என்பான். மாத்திரைக்காரி நயமாகப் பேசி அவனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மேலக்காட்டுச் செங்கமலம் பெண்டாட்டியாக நின்றாள். புருசனாக நடித்த காவ்யா சுருட்டிய சார்ட்டை ஓங்கினாள், அவ்வளவுதான். செங்கமலம் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு முழங்கையாலும் தலையை மூடிக்கொண்டாள். கூடமே சிரித்தது. என்னமா நடிக்கிறா என்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது, கீரனூர் பஸ்ஸில்தான் உறைத்தது. நடிக்கிறவள் அவ்வளவு வேகமாக உட்கார மாட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

டீ நேரத்தில் செங்கமலத்தைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் அடிப்பாரா?

"காளைக்காரரு, அக்கா. கோவம் வரும். மத்தபடி நல்லவரு."

புருசன் முனியசாமி ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவன். காளைக்கு தினமும் விடியக்காலையில் கண்மாய்க் கரையில் நடை, அப்புறம் தண்ணீரில் நீச்சல், மண் மேட்டில் கொம்பு குத்து. தீனிக்குப் பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம். "எங்க வீட்டுல ஒழுங்கா எக்சசைஸ் பண்றது அது ஒண்ணுதான்க்கா" என்று சிரித்தாள். முன் பல்லில் ஒன்று பாதிதான் இருந்தது. அது எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் என் கை சும்மா இருக்காது.

ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணியில் கடைசி ஓரத்தில் நின்றவள் நான். ஏறி வருகிறவள் கணுக்கால் என் கையில் சிக்கினால் அவள் மண்ணைக் கவ்வாமல் போனதில்லை. வயது நாற்பத்து மூன்று ஆகிவிட்டது. இந்த மாதிரி ஆண்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் இன்னும் முதலில் அவன் கணுக்கால்தான் நினைவுக்கு வருகிறது. குழந்தைசாமியிடம் சொன்னால், "நல்லவேளை, நான் டிரைவரு, நாள் பூரா உக்காந்தே இருக்கேன்" என்கிறார். என் புருசன். கையை ஓங்கவே தெரியாத மனுசன்.

பிப்ரவரி 17, திங்கள்

மேலக்காட்டில் நடை தொடங்கிவிட்டது. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். நைட்டி மேல் துண்டு, ரப்பர் செருப்பு. முன்னால் செங்கமலம். வகுப்பில் குரலே வராதவள், இங்கே "கையை வீசுங்கடி, மாவா பெசயுறீங்க?" என்று அதட்டிக்கொண்டு போகிறாள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பாதையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கண்மாய்க் கரை. சமதளம், பைக் தொல்லை இல்லை, பனைமர நிழல். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. இருளாயி என்று ஒரு அம்மா, தனியாக இருக்கிறவர், சுகர் முந்நூறைத் தொடுகிறது. "சாவுறதா இருந்தாலும் படுத்துச் சாவ மாட்டேன், நடந்துக்கிட்டே சாவுறேன்" என்றார். இப்படி ஒருத்தர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் போதும்.

பிப்ரவரி 26, புதன்

இன்று காலை அந்த முனியசாமி கரையில் வழி மறித்திருக்கிறான். வாடிவாசலுக்குப் போகப்போகிற மாட்டுக்கு முன்னால் பொம்பளை குறுக்கே போனால் மாடு பிடிபட்டுவிடுமாம். அவன் வீட்டுச் சாத்திரம். அதே ஊரில் மாடு வைத்திருக்கும் மற்ற யாரும் இப்படிச் சொல்வதில்லை என்கிறார் இருளாயி.

சொன்னதோடு நிற்கவில்லை. சாட்டையை எடுத்துத் தரையில் வீசினானாம், நடக்கிறவர்கள் காலடியில். ஒரு வீச்சு இருளாயியின் கெண்டைக்காலில் பட்டு, தோல் உரிந்துவிட்டது. போட்டோ வந்திருக்கிறது. பார்த்ததும் கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன்.

மேனேஜர் கோபிநாத்திடம் சொன்னேன். "பாதையை மாத்திருங்க மேடம், பிரச்சினை முடிஞ்சுச்சு" என்றார். பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, தெரியும். மாற்றியிருக்கலாம். கரை அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? ஏன் மாற்ற வேண்டும்?

செங்கமலத்திடம், அவன் மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் நடையை முடித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். சரிக்கா என்றாள். எது சொன்னாலும் சரிக்கா.

மார்ச் 8, சனி

நாளை பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டு. முனியசாமியின் மாடு இறங்குகிறது. இன்று அவன் வழக்கத்தைவிட முன்னாலேயே மாட்டைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டானாம். பெண்கள் நேர் எதிரே. கரையில் ஒதுங்க இடமில்லை. மாட்டுக்கு முன்னாலேயே நடந்து இறங்கியிருக்கிறார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சும்மா பார்த்துக்கொண்டே நின்றானாம்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 9, ஞாயிறு

இருளாயி போன். மாடு பிடிபட்டுவிட்டது. வாசலை விட்டு வந்ததும் ஒரு பையன் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கி, கடைசி வரைக்கும் விடவில்லையாம். மைக்கில் முனியசாமி பேரைச் சொல்லி, "மாடு பிடிபட்டது" என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்களாம். ஊரே கேட்டது.



மார்ச் 10, திங்கள்

செங்கமலம் போனை எடுக்கவில்லை. காலையிலும் இல்லை, மதியமும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்



போனேன். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடிக் கிடக்கிறது. உதடு கிழிந்திருக்கிறது. கழுத்தில் கயிற்றுத் தடம். மாட்டுக் கயிறு. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு அதே கயிற்றால் இவளைக் கொட்டகைத் தூணில் கட்டி அடித்திருக்கிறான். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. மாடு பிடிபட்ட துக்கத்துல இருக்கான், யாரும் கிட்டப் போகாதீங்க என்றார்களாம் பெரிய மனிதர்கள். மாடு பிடிபட்ட துக்கம்.

வா என்னோடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கையைப் பிடித்தேன். அப்போதுதான் அவன் உள்ளேயிருந்து வந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "நீதானா அந்த நடக்க விடுறவ" என்றான். அவ்வளவு சொல்லிவிட்டு என்னை அடிக்கவில்லை. குனிந்து செங்கமலத்தின் கூந்தலைப் பிடித்து இழுத்தான், என் கண் முன்னால், மாட்டைத் திருப்புகிற மாதிரி.

அப்புறம் நான் யோசிக்கல. உக்காந்தேன், கணுக்காலைப் பிடிச்சேன், தூக்கி இழுத்தேன். தண்ணித் தொட்டி மேல வாய் போய் மோதுச்சு. எந்திரிக்கப் பாத்தான். முதுகுல மிதிச்சேன். திரும்பவும் மிதிச்சேன். இருளாயி வந்து என்னைப் பிடிச்சு இழுக்குற வரைக்கும் மிதிச்சேன். வாய் பூரா ரத்தம். பல்லைத் துப்புனான்.

தெருவில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். காளைக்காரனைப் பொம்பளை கவுத்துட்டா என்று ஒருத்தன் விசில் அடித்தான்.

சந்தோசமாக இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். "இனிமே தொட்டே, கையை ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். செங்கமலம் வர மாட்டேன் என்றாள். நீங்க போங்கக்கா, நீங்க போனாதான் அடங்குவாரு என்றாள். போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் சீட் கிடைத்தது. கீரனூர் வரைக்கும் காற்று நன்றாக இருந்தது.

மார்ச் 12, புதன்

அவ காலை உடைச்சுட்டான்.

முளைக்கட்டையால. மாடு கட்டுற முளைக்கட்டை. அதைப் பிடுங்கிட்டு வந்து, படுத்திருந்தவ கால்ல. நடக்குற காலுதானேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சானாம். இருளாயி சொல்லும்போது என்னால் கேட்க முடியல. எலும்பு வெளியே தெரிஞ்சுச்சாம்.

நான் அடிச்சேன். அடிச்சுட்டு பஸ் ஏறிட்டேன். அவ அங்கேயே இருக்கணும்ல? அவன் எங்கே போவான்? ஊர் சிரிச்சுச்சே, அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் இறக்குவான்னு எனக்குத் தெரியாதா? தெரியாத ஆளா நான்?

தரதரன்னு இழுத்துட்டு வந்திருக்கணும். வர மாட்டேன்னா தூக்கிட்டு வந்திருக்கணும். எனக்கு அவனைச் சாய்ச்சதே போதுமா இருந்துச்சு.

மார்ச் 13, வியாழன்

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. பிளேட் வைத்திருக்கிறார்கள். நடப்பாள், ஆனால் தாங்கித் தாங்கித்தான் என்கிறார் டாக்டர். போலீஸ் வந்து கேட்டபோது, கண்மாய்ப் படியில் வழுக்கி விழுந்துட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்க்கவே அவளுக்குப் பயம். அவனைவிட என்னைக் கண்டு பயப்படுகிறாளோ?

மார்ச் 15, சனி

இதை நான் பார்க்கவில்லை. இருளாயி சொன்னது.

வழுக்கி விழுந்ததாகச் செங்கமலம் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பார்த்தவர்கள் நாங்கள் இருக்கிறோம் என்று நடைக் குழுப் பெண்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். முனியசாமியின் மாட்டுக்காரக் கூட்டாளிகள் முந்திக்கொண்டு ஷேர் ஆட்டோக்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். ஒருத்தனும் ஏற்றவில்லை. டவுன் பஸ் வர நேரமிருந்தது. "காத்துக்கிட்டு நின்னா வீட்டுக்கு வீடு புருசன்மாரு வந்து இழுத்துட்டுப் போயிருவாங்க, நடங்கடி" என்றாராம் இருளாயி. நடந்திருக்கிறார்கள், ஆலங்குடி ரோட்டில், வெயிலில்.

பாதி வழியில் இரண்டு பைக். பின்னாலேயே வந்து ஹாரனை அடித்து, கெட்ட வார்த்தை பேசி, கல் எறிந்திருக்கிறார்கள். ஒரு கல் இருளாயியின் நெற்றியில். முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாராம். இன்னொருத்திக்கு முதுகில். ஒருத்தி திரும்பி அதே கல்லை எடுத்து எறிந்ததில் ஒரு பைக்கின் கண்ணாடி போச்சு. அதற்கப்புறம் அவர்கள் கிட்டே வரவில்லை.

"ரத்தத்தோட போனது நல்லதாப் போச்சு தாயீ. உள்ள நுழைஞ்சதும் ஏட்டையாவே எந்திரிச்சு சேரு போட்டாரு."

எல்லோரும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலமே முனியசாமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

செங்கமலமும் உண்மையைச் சொல்லிவிட்டாள். இருளாயியின் நெற்றித் தையலைப் பார்த்தபிறகு.

மார்ச் 28, வெள்ளி

என் மேலும் கேஸ். அவன் பக்கத்து ஆள்கள் கொடுத்த புகார். பல் உடைந்ததற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறது, பார்த்த சாட்சி ஊர் பூரா இருக்கிறது. எல்லாம் நிஜம்தான். நான் என்ன மறுப்பது?

இன்று அவன் அண்ணனும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் டிரஸ்ட் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, கையில் பழப் பை. ரெண்டு பக்கமும் அடிதடி ஆகிப்போச்சு, ரெண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்குவோம் என்கிறார்கள். டீச்சர் மேல உள்ளதை நாங்க விட்டுர்றோம், அந்தப் பொண்ணு புருசன் மேல உள்ளதை விட்டுரட்டும். கால் உடைச்ச கேஸ் லேசில் வாபஸ் ஆகாது, அது அவர்களுக்கும் தெரியும். செங்கமலம் கோர்ட்டில் பிறழ்ந்து சொன்னால் போதும் என்று கணக்கு.

கோபிநாத் கதவைச் சாத்திவிட்டு, "மேடம், இதுதான் எல்லாருக்கும் நல்லது. உங்களுக்குத் தண்டனைன்னு வந்துட்டா டிரஸ்ட்ல வச்சுக்க முடியாது, ஒப்பந்தத்துலயே இருக்கு" என்றார். நல்ல மனிதர். பழத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். மேஜையோடு தூக்கிக் கவிழ்க்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கவிழ்க்கவில்லை. என் கை செய்தது போதும்.

மார்ச் 29, சனி

செங்கமலத்தைப் பார்க்கப் போனேன். அவளிடமும் பேசிவிட்டார்கள்.

"சரின்னு சொல்லிட்டேன்க்கா. என்னால ஒங்க வேலை போக வேணாம்."

"அப்புறம் எங்கே போவே?"

"அவருகிட்டதான். வேற எங்கிட்டு போறது?"

எனக்காக அந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறாளாம். என்னைக் காப்பாற்றுவதற்காக. எனக்கு வந்த கோபத்தில் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் அவள் மேலா, என் மேலா? நான் தொட்ட இடமெல்லாம் அடி இவளுக்கு விழுகிறது. அவன் அடித்தது ஒரு பங்கு, நான் வாங்கிக் கொடுத்தது ஒரு பங்கு. இப்போது மிச்சத்தையும் என் பெயரைச் சொல்லி வாங்கப் போகிறாள்.

வீட்டுக்கு வந்து குழந்தைசாமியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவங்க கையில இருக்குறது ஒன் கேஸ் ஒண்ணுதான். அது இல்லைன்னா அந்தப் புள்ளைகிட்ட என்னத்தைச் சொல்லிப் பேரம் பேசுவாங்க?" என்றார்.

டிரைவர் மூளை. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மார்ச் 31, திங்கள்

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். வாபஸ் வேண்டாம், சமாதானம் வேண்டாம். கோர்ட்டில் அடித்தேன் என்று ஒத்துக்கொள்ளப் போகிறேன். அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்.

செங்கமலத்துக்கு போன் செய்து, "எனக்காக நீ ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேணாம், ஏன்னா எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "இருளாயம்மா அவங்க வீட்டுல வந்து இருன்னு சொல்லுது" என்றாள்.

"இரு."

"இருக்கவா?"

இருடி என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

ஜூன் 19, வியாழன்

கோர்ட். என் முறை வர மதியம் ஆகிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார் நீதிபதி. ஒத்துக்கிறேன், யாரும் வற்புறுத்தலைங்கய்யா என்றேன். வருத்தம் தெரிவித்தால் அபராதம் குறையும் என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அவனை அடித்ததற்கு எனக்கு வருத்தமில்லை. அடித்துவிட்டு பஸ் ஏறியதற்கு உண்டு. அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தால் மரத்தடியில் முனியசாமி. ஜாமீனில் இருக்கிறான். நான்கு பல் கட்டியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், அடிக்கவா, ஓடவா என்று தெரியாத மாதிரி. என் கை விரல்கள் தானாக மடங்கின. புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிடியை விடவில்லை.

ஜூன் 23, திங்கள்

வேலை போச்சு. கோபிநாத் பிரிவு உபசாரத்துக்கு கேக் வாங்கி வைத்திருந்தார். சாப்பிட்டேன்.

ஜூலை 30, புதன்

கீரனூரில் ஜவுளிக் கடையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. நாள் முழுக்கச் சேலையை விரிப்பதும் மடிப்பதும். கூட வேலை பார்க்கிற பெண்கள் கால் வலி என்கிறார்கள். குதிகாலைத் தூக்கி இறக்குங்கள் என்று சொன்னேன். அக்கா இதுக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க என்றார்கள். கபடி என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று செங்கமலம் சாட்சிக் கூண்டில் நின்றாள். நான் போகவில்லை, போனால் கெடும் என்றார் அவளது வக்கீல். மாலையில் இருளாயி போன். அவன் வக்கீல் குறுக்கே குறுக்கே கேட்டிருக்கிறார். புருசன் செத்துப் போகட்டும்னு நினைக்கிறியா என்று கேட்டாராம். "நெனைச்சிருக்கேன்யா" என்றாளாம். கோர்ட்டே ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். உட்காருகிறாயா என்று கேட்டபோது, வேண்டாம் என்று கடைசி வரை ஊன்றுகம்பைப் பிடித்து நின்றே சொல்லியிருக்கிறாள்.

தீர்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவன் ஊருக்குள் வரக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வரட்டும், வழியெல்லாம் கல்லு கெடக்கு" என்றார் இருளாயி.

செப்டம்பர் 9, செவ்வாய்

என் இடத்துக்கு டிரஸ்ட் செங்கமலத்தை எடுத்திருக்கிறது. ஊரில் நடத்திக் காட்டியவள் என்று கோபிநாத்தே பேசி வாங்கிக் கொடுத்தாராம். அவரைப் பற்றி நான் எழுதியதில் பாதியை அடித்துவிடலாம்.

இன்று அவளுடைய முதல் வகுப்பு. புது ஆட்கள், கூடம் நிறைய. துணைக்கு இருளாயியும் போயிருக்கிறார். மதியம் நான் கடையில் இருக்கும்போது அவரிடமிருந்து போன். ஓனர் முறைத்தாலும் பரவாயில்லை என்று மாடிப்படிக்குப் போய் எடுத்தேன்.

"ஒரு புள்ள எந்திரிச்சு கேட்டுருச்சு தாயீ. நடக்கப் போயித்தானே ஒங்க காலு இப்புடி ஆச்சு, எங்களையும் நடக்கச் சொல்றீங்களேன்னு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு."

"செங்கமலம் என்ன சொன்னா?"

"கம்பை ஊணி எந்திரிச்சா. நடையா என் காலை ஒடச்சுச்சு, அவன்ல்ல ஒடச்சான்னு சொன்னா."

அப்புறம் என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன? எல்லாரும் எந்திரிங்கன்னு சொன்னா. எந்திரிச்சாளுக."